பழைய ஹாட் ராட் டிரக்கின் ஸ்டீயரிங்: பிரிப்பது முதல் சரிசெய்வது வரை முழுமையான வழிகாட்டி

பழைய டிரக்கின் ஸ்டீயரிங் லொடலொடவென்று ஆடினால், பெரும்பாலானோரின் கை முதலில் தேடிப் போவது ஸ்டீயரிங் பாக்ஸின் பக்கவாட்டு மூடியில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் திருகைத்தான். அரைச் சுற்று முடுக்கியதும் ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் தேய்ந்த கிங்பின்னும் (முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் செங்குத்து ஊசி) தளர்ந்த பந்து மூட்டுகளும் அப்படியேதான் இருக்கும். அவற்றின் குறையை மறைப்பதற்காக பாக்ஸின் உள்ளே வார்மும் (திருகுபோல் பல் வெட்டிய பாகம்) அதன் பற்களில் உருளும் ரோலரும் தேவைக்கு மேல் நெரிக்கப்பட்டு, வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதும் நின்றுபோகும். ஆகவே இந்த வழிகாட்டி ஆட்டத்தைத் தரையிலிருந்து மேல்நோக்கித் தேடுகிறது. டயர், கிங்பின், டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு), பிட்மேன் ஆர்மின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிராக் லிங்க், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே நீளும் கை) ஆகியவற்றுக்குப் பிறகுதான் பாக்ஸ் வரும். கண்டறிவதில் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 18 அங்குல விட்டமுள்ள ஸ்டீயரிங் வீல், 18-க்கு 1 என்ற பாக்ஸ் விகிதம், 6 அங்குல நீளப் பிட்மேன் ஆர்ம் என்று வைத்துக்கொள்வோம். வீலின் விளிம்பை 1 அங்குலம் நகர்த்தினால் அது 6.4 பாகைத் திருப்பம். அது பாக்ஸ் வழியாகப் பிட்மேன் ஆர்முக்கு வரும்போது 0.35 பாகையாகச் சுருங்கிவிடும். ஆர்மின் நுனியில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான நகர்வு. அதாவது, டிராக் லிங்க்கின் ஒரே ஒரு பந்து மூட்டில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தாலே ஓட்டுநரின் கையில் 25 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் தெரியும். இணைப்புகள் அனைத்தும் இறுகிய பிறகு எஞ்சும் ஆட்டம் மட்டுமே பாக்ஸுக்கு உரியது.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி 1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு எஃப்-1 வகையைச் சேர்ந்தது. ஒரே இரும்பாலான ஐ வடிவ முன் அச்சு, நீளவாட்டில் இரண்டு லீஃப் ஸ்பிரிங், கிங்பின், வார்ம்-ரோலர் வகை பாக்ஸ், 114 அங்குல வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கிடையேயான தூரம்) ஆகியவை அதன் அமைப்பு. அதே காலத்து மற்ற டிரக்குகளுக்கும், குறுக்கு ஸ்பிரிங் கொண்ட அதற்கு முந்தைய ஃபோர்டுகளுக்கும் கொள்கை ஒன்றே. ஹாட் ராட், அதாவது வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் மாற்றியமைத்த பழைய வண்டி, என்று ஆனபின் இவற்றின் முன்பக்கம் தாழ்த்தப்பட்டிருக்கும், அச்சு மாற்றப்பட்டிருக்கும், புதிய எஞ்சினுக்கு இடம் விட ஸ்டீயரிங் பாக்ஸ்கூட வேறு இடத்துக்குப் போயிருக்கும். எனவே தொழிற்சாலைக் கையேட்டின் அளவுகள் பாக்ஸின் உட்புறத்துக்கு அப்படியே பொருந்தினாலும், வடிவியலைப் புதிதாக அளந்தே ஆக வேண்டும்.

ஆட்டம் எங்கே இருக்கிறது

முதலில் டயர்க் காற்றழுத்தம் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய குறுக்கிழை டயர்கள் சாலையின் நீளவாட்டுப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு தாமே இழுக்கும். அதை ஸ்டீயரிங்கின் குற்றமாகக் கருதிப் பாகங்களைக் கழற்றுவது வீண் வேலை.

வண்டி நான்கு சக்கரங்களிலும் தரையில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங் வீலை இரு பக்கமும் சிறிதளவு வேகமாக அசைத்துக்கொண்டே இருக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். மூட்டின் இரு பாதிகளையும் சேர்த்து விரல்களால் பிடித்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத தளர்வும் கைக்குத் தெரிந்துவிடும். இதே நேரத்தில் பாக்ஸ் பொருத்தப்பட்டிருக்கும் சட்டத்தையும் கவனியுங்கள். பாக்ஸே சட்டத்தோடு சேர்ந்து வளைந்து அசைவது ஹாட் ராட்களில் மிகச் சாதாரணம். அப்படி இருந்தால் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பற்றவைத்து, போல்ட் செல்லும் துளைகளுக்குள் எஃகுக் குழாய்த் துண்டுகளை வைத்துப் பலப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டை முடுக்கும்தோறும் சட்டம் நசுங்குமே தவிர பாக்ஸ் உறுதியாக நிற்காது.

அடுத்து முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவர் பிரேக் மிதியை அழுத்தியிருக்க மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிவது டை ராட் மூட்டுகளின் தளர்வு. கண்டவற்றையெல்லாம் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு எது எவ்வளவு ஆடியது என்பது நினைவில் நிற்காது.

கழற்றுதல்

சக்கரங்களை நேராக வைத்து, பிட்மேன் ஆர்முக்கும் செக்டார் ஷாஃப்டுக்கும் (பாக்ஸிலிருந்து வெளியே வந்து அந்த ஆர்மைத் தாங்கும் தண்டு) நேராக ஒரு கோடு கீறுங்கள். டை ராட் முனைகள் எத்தனை புரி உள்ளே போயிருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிட்மேன் ஆர்ம் கூம்புப் பற்களில் இறுகி அமர்ந்திருப்பதால், அதைக் கழற்ற அதற்குரிய புல்லர்தான் வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுவதும் ஷாஃப்ட் வழியாக ரோலருக்கும் வார்முக்கும் போய், கடினமாக்கப்பட்ட அவற்றின் மேற்பரப்பில் பள்ளம் விழும். கேஸ் வைத்துச் சூடாக்குவதும் கூடாது. ஆர்மின் உலோகம் தன் உறுதியை இழந்துவிடும்.

டை ராட் முனைகளைக் கழற்ற, நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் சில புரிகளில் விட்டுவிட்டு, கூம்பு அமர்ந்திருக்கும் ஆர்மின் பக்கவாட்டில் கனமான சுத்தியல் ஒன்றை அணை கொடுத்து, எதிர்ப்புறம் ஒரு நல்ல அடி கொடுத்தால் போதும். பழைய மூட்டை மீண்டும் பயன்படுத்த எண்ணினால் முள்கரண்டிக் கருவியைத் தவிர்க்க வேண்டும், அது ரப்பர் உறையைக் கிழித்துவிடும். காட்டர் பின்கள் (நட் கழலாமல் பூட்டும் பிளவு ஊசிகள்) எதையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

பிட்மேன் ஆர்ம், ஸ்டீயரிங் ஆர்ம்கள், ஸ்டப் ஆக்சில் (சக்கரத்தைத் தாங்கி, கிங்பின்னில் திரும்பும் பாகம்) ஆகியவற்றைக் கழுவித் துடைத்து, சாயம் ஊடுருவும் முறையிலோ காந்தத்தூள் முறையிலோ விரிசல் சோதனை செய்து பாருங்கள். எழுபது ஆண்டு பழகிய இரும்பு இது, நடுவில் யாராவது வளைத்தும் பற்றவைத்தும் இருக்கலாம். பற்றவைத்த தடயம் உள்ள ஸ்டீயரிங் ஆர்மை நான் எந்தச் சமாதானமும் ஏற்காமல் ஒதுக்கிவிடுவேன், ஏனெனில் அது ஒடிந்தால் வண்டியைத் திருப்ப வேறு வழியே இல்லை.

கிங்பின்

கிங்பின்னைப் பூட்டி நிறுத்துவது அச்சின் குறுக்கே செல்லும் ஆப்பு வடிவப் பின். அதன் நட்டைத் தளர்த்தி, புரி கெடாதபடி நட்டின் மேலேயே தட்டி வெளியே எடுத்த பிறகுதான் கிங்பின் அசையும். துருப்பிடித்து நிற்கும் கிங்பின்னை அச்சோடு பிரஸ்ஸில் வைத்துத் தள்ளுவதே நல்லது. அது வெளியே வந்ததும் அச்சின் துளையை அளந்து பாருங்கள். துளையே முட்டை வடிவமாகியிருந்தால் புதிய கிங்பின்னும் அதில் ஆடும். அந்த அச்சை இயந்திரப் பட்டறையில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும்.

புதிய வெண்கல புஷ்களை (துளைக்குள் அமரும் உறைகளை) ஸ்டப் ஆக்சிலின் இரு காதுகளிலும் அழுத்திப் பொருத்தும்போது, புஷ்ஷில் உள்ள எண்ணெய்த் துளையும் கிரீஸ் நிப்பிளின் துளையும் நேர்கோட்டில் வர வேண்டும். பொருத்தியபின் உட்புறத்தை ரீமர் (துளையைத் துல்லியமாக அகலப்படுத்தும் கருவி) கொண்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் தனித்தனியாக ரீமர் செய்தால் இரண்டின் மையக்கோடும் ஒன்றாக அமையாது. ஒன்றில் வழிகாட்டி பெற்றுக்கொண்டே மற்றொன்றை வெட்டும் நீண்ட ரீமர் வேண்டும். அது கையில் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் இயந்திரப் பட்டறையில் கொடுத்துவிடுவது அறிவுடைமை. கிங்பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே சுமார் 0.001 அங்குல இடைவெளி இருந்தால் போதும். எண்ணெய் தடவிய கிங்பின் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கி இறங்க வேண்டும், தானே விழக் கூடாது.

த்ரஸ்ட் பேரிங் அச்சின் அடிப்பகுதிக்கும் ஸ்டப் ஆக்சிலின் கீழ்க் காதுக்கும் இடையில் வரும். அந்தப் பக்க முன்சக்கரத்துக்கு வரும் எடை முழுவதும் அதன் மேல்தான் இறங்குகிறது. மூடிய பக்கம் மேலே பார்த்திருக்கும்படி வைத்தால் மேலிருந்து வழியும் நீரும் மண்ணும் உள்ளே போகாது. மேல்பக்க இடைவெளியை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்து 0.005 அங்குலத்துக்குள் கொண்டுவாருங்கள். பூட்டுப் பின்னுக்கான வெட்டு கிங்பின்னில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத் திருப்பி வைத்து, பின்னை அடித்து இறுக்கி, கிரீஸ் செலுத்துங்கள். கிரீஸ் மேலும் கீழும் இரு புஷ்களின் ஓரத்திலும் பிதுங்கி வந்தால்தான் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்தல்

வார்ம்-ரோலர் பாக்ஸின் உள்ளே பாகங்கள் குறைவு. ஸ்டீயரிங் ஷாஃப்டின் அடியில் நடுவில் ஒடுங்கிய வார்ம் ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு பேரிங். வார்மின் பற்களுக்குள் உருளும் ரோலர் செக்டார் ஷாஃப்டில் ஒரு ஊசியால் பிணைக்கப்பட்டிருக்கும். செக்டார் ஷாஃப்ட் புஷ்களில் சுழன்று, வெளியே பிட்மேன் ஆர்மைத் தாங்கும்.

எண்ணெயை வடித்து, பக்க மூடியைத் திறந்து, செக்டார் ஷாஃப்டை வெளியே இழுக்கும் முன் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் உள்ள துருவையும் பிசிறையும் நன்றாகத் தேய்த்து எடுங்கள். இல்லாவிட்டால் அவை புஷ்களைக் கீறிவிடும். பிறகு முனை மூடியைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் ஷிம்களைத் தொலைக்காமல் கட்டி வைத்து, வார்மோடு ஷாஃப்டை எடுங்கள்.

இனி வார்மை மண்ணெண்ணெயில் கழுவி, நல்ல வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடியிருப்பதால், தேய்மானம் முழுவதும் நடுப் பற்களில்தான் குவிந்திருக்கும். ஓரப் பற்கள் இன்றும் கண்ணாடிபோல் மின்ன, நடுவில் மட்டும் மங்கலான ஒரு பட்டை ஓடுவதைக் காணலாம். அந்தப் பட்டையின் மீது நகத்தை வைத்து இழுங்கள். நகம் எங்கும் தடங்காவிட்டால் வார்ம் இன்னும் உழைக்கும். சிறு சிறு குழிகளில் நகம் சிக்கினால், கடினமாக்கப்பட்ட மேல் அடுக்கு உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதை எந்த அட்ஜஸ்ட்மென்டும் காப்பாற்றாது. ரோலரையும் இதேபோல் பார்த்து, அதன் ஊசியில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். புதிய வார்மோடு பழைய ரோலரைச் சேர்ப்பது வீண் செலவு. இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பல பாக்ஸ்களில் வார்ம் ஷாஃப்டின் மேல் அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால் பிரஸ் தேவைப்படும். பழைய வார்ம் இருந்த இடத்தை ஷாஃப்டின் முனையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளாமல் அதைத் தள்ளிவிடாதீர்கள்.

பேரிங் வளையங்களில் குழி, நிறமாற்றம், கோடு ஏதேனும் இருந்தால் பேரிங்கையும் வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். செக்டார் புஷ்களை அழுத்தி, ரீமர் செய்து, 0.001 முதல் 0.003 அங்குலத்துக்குள் இடைவெளி வையுங்கள். பாக்ஸ் ஒழுகுவதற்குச் சீலைக் குறை சொல்வார்கள். தேய்ந்த புஷ்ஷில் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடும்போது எந்தச் சீலும் தாங்காது என்பதே உண்மை. ஷாஃப்டில் சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், அதற்கு மெல்லிய எஃகு உறை போடலாம், அல்லது சீலைச் சற்று உள்ளே தள்ளி அமர்த்தலாம்.

பந்துகள் சுற்றிவரும் நட் வகை பாக்ஸ் உங்கள் வண்டியில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. டிராக் லிங்க்கைக் கழற்றிய நிலையில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை வேகமாகச் சுழற்றி முட்ட விடாதீர்கள். பந்துகளைத் திருப்பி அனுப்பும் மெல்லிய குழல்கள் நசுங்கிவிடும்.

இரண்டு அட்ஜஸ்ட்மென்ட், ஒரே வரிசை

பாக்ஸில் சரிசெய்ய வேண்டியவை இரண்டு: வார்ம் பேரிங்குகளின் முன்னிறுக்கம், ரோலர் வார்முக்குள் எவ்வளவு ஆழமாக அமர்கிறது என்பது. முன்னதை முடிக்காமல் பின்னதைத் தொடக் கூடாது. வார்ம் தன் பேரிங்குகளுக்கிடையே முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தால், ரோலரை எவ்வளவு அழுத்தினாலும் ஆட்டம் போகாது.

செக்டார் ஷாஃப்ட் இல்லாமலோ, அதன் திருகை நன்றாகத் தளர்த்தியோ, முனை மூடியை ஷிம்களோடு முடுக்குங்கள். ஷாஃப்டை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து ஆட்டம் இருந்தால் ஒரு மெல்லிய ஷிம்மை எடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை எடுக்காதீர்கள். ஆட்டம் மறைந்து, லேசான இழுவை தோன்றும் இடமே சரியான இடம். இதைக் கையால் மதிப்பிடாமல், ஸ்பிரிங் தராசு ஒன்றை ஸ்டீயரிங் வீலின் விளிம்பில் கொக்கியிட்டு, வட்டத்துக்குத் தொடுகோடாக இழுத்து அளவிடுங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. பொதுவாக இந்த வகை பாக்ஸ்களில் அது 225 முதல் 450 கிராமுக்குள் இருக்கும். கையேட்டின் எண் பழைய பெரிய வீலுக்கானது என்பதை மறக்க வேண்டாம். 18 அங்குல வீலில் 450 கிராம் காட்டும் அதே இறுக்கம், ஹாட் ராட்டில் போடும் 15 அங்குல வீலில் 540 கிராம் காட்டும்.

இப்போது செக்டார் ஷாஃப்ட். அட்ஜஸ்ட்மென்ட் திருகின் தலை ஷாஃப்டின் காடிக்குள் அமரும் இடத்தில் மேல்கீழ் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் அதற்கான தடித்த ஷிம் வைக்க வேண்டும். பக்க மூடியைப் பூட்டி, ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை மென்மையாகச் சுழற்றிச் சுற்றுகளை எண்ணுங்கள். அதில் பாதி திரும்பி வந்து நிற்குமிடம்தான் பாக்ஸின் மையம். ஷாஃப்டிலும் உறையிலும் அதை வண்ணத்தால் குறியுங்கள்.

இந்த மையத்தில் ரோலர் வார்மோடு மிக நெருங்கியும், இரு ஓரங்களை நோக்கிப் போகப்போக விலகியும் இருக்கும்படிதான் தொழிற்சாலையில் வெட்டியிருக்கிறார்கள். நேராக ஓடும்போது ஆட்டம் அறவே இருக்கக் கூடாது, திரும்பும்போது சிறிது இருந்தால் பாதகமில்லை, நடுப்பகுதி தேயத் தேய முடுக்கிக்கொள்ள ஓரங்களில் இடமும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே திருகை எப்போதும் மையத்தில் வைத்தே முடுக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும்போது ஆட்டம் போகும்வரை முடுக்கினால், மையத்துக்கு வரும்போது பற்கள் நெரிந்து நசுங்கும். எட்டில் ஒரு சுற்றாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் மையத்தைக் கடந்து தராசால் இழுத்துப் பாருங்கள். பேரிங் இறுக்கத்தையும் சேர்த்து மொத்தம் 700 முதல் 900 கிராமுக்குள் வந்ததும் லாக் நட்டை இறுக்கி, மீண்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள். லாக் நட்டை முடுக்கும்போது திருகும் சேர்ந்து சிறிது சுழல்வது வழக்கம்.

மையத்தில் சரியாக அமைந்த பாக்ஸ் ஓரங்களில் சிக்கினால், நடுப்பகுதி அளவுக்கு மீறித் தேய்ந்துவிட்டது என்பதே காரணம். அப்போது வார்மையும் ரோலரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எண்ணெய் விஷயத்தில் என் நிலைப்பாடு உறுதியானது. இந்த பாக்ஸ்களில் சாதாரண சேசிஸ் கிரீஸை அடைக்காதீர்கள். வார்ம் அதை ஒருமுறை ஒதுக்கித் தள்ளிவிட்டால் கிரீஸ் சுவரோடு ஒட்டி நிற்கும், பற்கள் வறண்டு சுழலும். வெண்கல புஷ்களுக்கு ஒத்துவரும் ஜிஎல்-4 தரத்திலான 90 அல்லது 140 கிரேடு கியர் ஆயில் ஏற்றது. ஒழுகல் அடங்கவே இல்லையென்றால், தானே வழிந்து இறங்கும் அரைத்திரவ கிரீஸ் போடலாம்.

டிராக் லிங்க், டை ராட்

பழைய டிராக் லிங்க்கின் முனை, உள்ளே ஸ்பிரிங்கும் இரு கிண்ணங்களும் கொண்ட குழாய். பிட்மேன் ஆர்மின் பந்து அதற்குள் அமரும். பந்தை நன்றாகத் துடைத்து, காலிபரால் ஒரு திசையிலும் அதற்குச் செங்குத்தான திசையிலும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் பந்து முட்டை வடிவமாகிவிட்டது. முன்சொன்ன ஒரு மில்லிமீட்டர் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட பந்தில் மூடியை இறுக்கினால் ஒரு கோணத்தில் பிடித்துக்கொள்ளும், இன்னொன்றில் தளரும். ஆர்மை மாற்றுவதே நேர்வழி. பந்து நன்றாக இருந்தால், கிண்ணங்களையும் ஸ்பிரிங்கையும் புதிதாக வைத்து, முனைத் திருகை முழுவதும் இறுக்கிப் பிறகு அரைச் சுற்று முதல் ஒரு சுற்றுவரை தளர்த்தி, காட்டர் பின் துளை நேர்ப்படும் இடத்தில் பூட்டுங்கள்.

புதிய வகை மூட்டுகளுக்கு மாறும்போது கூம்பின் சரிவைச் சோதிக்க வேண்டும். பழைய அமெரிக்க டை ராட் முனைகள் பலவற்றில் ஓர் அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் குறையும் சரிவு, அதாவது ஏறக்குறைய 7 பாகை இருக்கும். வேறு சரிவுள்ளவையும் சந்தையில் உண்டு. கூம்பில் நீலச்சாயம் தடவித் துளைக்குள் வைத்துத் திருப்பி எடுங்கள். சாயம் மேலிருந்து கீழ்வரை சமமாக ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வளையம்போல் மட்டும் ஒட்டியிருந்தால், அந்தக் கூம்பு நுனியில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது, நாளடைவில் அது அசைந்து அசைந்து முறியும். தலையில் காடிகள் வெட்டிய நட்டை (காசில் நட்) முடுக்கிய பிறகு துளை நேர்ப்படவில்லையென்றால் அடுத்த காடிவரை மேலும் முடுக்குங்கள், ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தாதீர்கள்.

இணைப்புகளின் வடிவியல்

அச்சு மேலும் கீழும் போகும்போது சக்கரம் தானே திரும்புவது ஹாட் ராட்களின் தீராத நோய். காரணம் எளியது. அச்சு ஒரு வில்லில் நகர்கிறது, டிராக் லிங்க்கின் நுனி வேறொரு வில்லில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத அளவுக்குச் சக்கரம் திரும்பும். நீளவாட்டு லீஃப் ஸ்பிரிங்கில் அச்சின் வில்லுக்கு மையம் ஸ்பிரிங்கின் நிலையான கண்ணை ஒட்டி அமையும். எனவே டிராக் லிங்க்கின் பாக்ஸ் பக்க முனையும் அந்தக் கண் இருக்கும் பக்கத்திலேயே, அதற்கு அருகில் இருக்க வேண்டும். ஷேக்கிளை (ஸ்பிரிங்கின் மறுமுனையைத் தாங்கி ஆடும் இணைப்பை) முன்னிருந்து பின்னுக்கு மாற்றியவர்களும், பாக்ஸை அச்சின் மறுபக்கத்துக்கு நகர்த்தியவர்களும் இதைத்தான் கெடுத்துவிடுகிறார்கள்.

சோதிக்கும் முறை இது: சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டீயரிங் வீலைக் கட்டி அசையாமல் வைத்து, அச்சை ஜாக்கியால் வண்டி நிற்கும் உயரத்திலிருந்து 2 அங்குலம் மேலும் 2 அங்குலம் கீழும் நகர்த்துங்கள். சக்கரத்தின் முன்விளிம்பில் ஒரு குறிமுள் வைத்தால், அது எவ்வளவு திரும்புகிறது என்று தெரியும்.

பாக்ஸிலிருந்து குறுக்கே வலப்பக்கச் சக்கரத்துக்கு டிராக் லிங்க் செல்லும் அமைப்புக்கு மாறியிருந்தால், வண்டி நிற்கும் உயரத்தில் டிராக் லிங்க்கும் டை ராடும் இணையாக இருக்க வேண்டும். அதோடு, குறுக்கு ஸ்பிரிங் கொண்ட வண்டிகளில் அச்சு ஷேக்கிள்களில் பக்கவாட்டில் ஊசலாடும். பாக்ஸ் சட்டத்தில் நிற்க, அச்சு மட்டும் நகர்ந்தால் அதுவும் ஒரு ஸ்டீயரிங் அசைவே. டிராக் லிங்க்குக்கு இணையாகவும், கூடுமானவரை அதே நீளத்திலும் அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் ஒரு பான்ஹார்டு தண்டு இதைத் தடுக்கும்.

வளைவில் உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். 1818-இல் இங்கிலாந்தில் ஆக்கர்மன் பெயரில் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டைக் குதிரை வண்டிகளுக்காக உருவாக்கியவர் மியூனிக் நகரத்து வண்டி செய்வோர் லாங்கன்ஸ்பெர்கர். டை ராட் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், கிங்பின் மையத்திலிருந்து டை ராட் துளை வழியாக இழுக்கும் கோடுகள் பின் அச்சின் நடுவில் ஏறக்குறையச் சந்திக்க வேண்டும். 114 அங்குல வீல்பேஸும் கிங்பின்களுக்கிடையே 52 அங்குலமும் இருந்தால், உட்சக்கரம் 20 பாகை திரும்பும்போது வெளிச்சக்கரம் சுமார் 17.3 பாகை திரும்புவதே சரி. எஞ்சினுக்கு இடம் வேண்டி டை ராடை அச்சுக்கு முன்னால் கொண்டுபோய், பழைய ஆர்ம்களை அப்படியே திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கு தலைகீழாகி, வளைவில் டயர்கள் கீச்சிட்டுத் தேயும்.

கடைசியாக, அச்சில் இருக்கும் திருப்ப வரம்புத் திருகுகளை, பாக்ஸ் தன் உள் எல்லையை முட்டுவதற்கு முன்பே சக்கரம் நின்றுவிடும்படி அமையுங்கள்.

ஸ்டீயரிங் தண்டு

யுனிவர்சல் மூட்டுகள் வைத்து வளைத்த தண்டில், ஒவ்வொரு மூட்டின் கோணமும் 30 பாகையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இரண்டு மூட்டுகளின் நடுத்தண்டுப் பக்கக் கவைகள் ஒரே தளத்தில் இருந்தால்தான் சுழற்சி சீராக இருக்கும், இல்லையென்றால் ஒரு சுற்றுக்குள்ளேயே இறுகித் தளரும். மூன்று மூட்டுகள் வந்தால் நடுவில் தாங்கும் பேரிங் கட்டாயம். செட் ஸ்குரூ அமரும் இடத்தில் தண்டில் சிறு குழி துளைத்து, லாக் நட்டும் புரிப் பசையும் போடுங்கள்.

பழைய தண்டு ஒரே நீள இரும்பு. முன்பக்க மோதலில் அது நேராக ஓட்டுநரின் மார்புக்கு வரும். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நசுங்கும் தண்டுகளை 1967 மாடல்களில் கொண்டுவந்தார்கள், 1968 ஜனவரி முதல் அது அங்கே கார்களுக்கு விதியாகவும் ஆனது. இவ்வளவு வேலை செய்யும்போது ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் தண்டைப் போட்டுவிடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

மையப்படுத்தியபின் கோணங்கள்

பாக்ஸை வண்ணக்குறி காட்டும் மையத்தில் நிறுத்தி, பிட்மேன் ஆர்மைக் குறிப்படி பொருத்தி, சக்கரங்களை நேராக வைத்து, டிராக் லிங்க்கின் நீளத்தை அதற்கேற்ப மாற்றிப் பூட்டுங்கள். எல்லாம் முடிந்தபின்தான் ஸ்டீயரிங் வீலை நேராகப் பார்த்து மாட்ட வேண்டும். வீல் கோணலாக இருக்கிறதே என்று அதை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டினால், வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் மையம் தவறி, ஆட்டம் உள்ள பகுதியில் நிற்கும். எவ்வளவு நன்றாகப் புதுப்பித்த பாக்ஸும் இந்த ஒரு காரணத்தால் நெடுஞ்சாலையில் அலையும்.

காஸ்டரை (கிங்பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை) அளக்க, வண்டி சமதளத்தில் முழு எடையோடு நிற்க, கோணமானியைக் கிங்பின் துளையின் தட்டையான முகப்பில் வையுங்கள். பவர் உதவி இல்லாத, ரேடியல் டயர் போட்ட ஒற்றை அச்சு ஹாட் ராடுக்கு 5 முதல் 7 பாகை நன்றாக ஒத்துவரும். 114 அங்குல வீல்பேஸில் முன்பக்கத்தை மட்டும் 2 அங்குலம் தாழ்த்தினாலே 1 பாகை குறைந்துவிடும். தாழ்த்திய டிரக்குகள் நேராக ஓட மறுப்பதன் காரணம் பல நேரம் இதுதான். ஸ்பிரிங்குக்கு அடியில் அச்சு இருக்கும் அமைப்பில், இரண்டுக்கும் இடையில் ஆப்புத் தகடு வைத்து இதைக் கூட்டலாம். தடித்த பக்கம் வண்டியின் பின்புறம் நோக்கியிருக்க வேண்டும். 7-க்கு மேல் போனால் ஸ்டீயரிங் கனப்பதோடு, குறிப்பிட்ட வேகத்தில் சக்கரங்கள் படபடவென்று உதறத் தொடங்கும்.

கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி வெளிநோக்கிச் சாயும் கோணம்) அச்சிலேயே அமைந்தது, பூஜ்யம் முதல் 1 பாகை நேர்மறையாக இருக்கட்டும். இரு பக்கமும் வெகுவாக வேறுபட்டால் அச்சு வளைந்திருக்கிறது, அதைக் குளிர்நிலையிலேயே நிமிர்த்தும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருக்கும் அளவு) 1.5 முதல் 3 மில்லிமீட்டர். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் ஆணியால் மெல்லிய வட்டக்கோடு கீறி, வண்டியை இறக்கி, சில அடி முன்னோக்கி உருட்டி நிறுத்தியபின், அச்சின் உயரத்தில் முன்னும் பின்னும் கோடுகளுக்கிடையேயான தூரத்தை அளக்க வேண்டும். பின்னோக்கி உருட்டினால் மூட்டுகள் எதிர்ப்புறம் தளர்ந்து, அளவு பொய்யாகும். டை ராடின் கிளாம்ப்களை இறுக்கும்போது இரு முனை மூட்டுகளும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

திறந்த, ஆளில்லாத இடத்தில் மெதுவாகத் தொடங்குங்கள். வளைவிலிருந்து கையைத் தளர்த்தினால் வீல் தானே நடுவுக்கு வர வேண்டும். வராவிட்டால், மீண்டும் ஜாக்கியில் தூக்கி, டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸையும் கிங்பின்களையும் தனித்தனியே சுழற்றிப் பாருங்கள், இறுக்கம் எதில் என்று தெரிந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால், பிரேக்கைச் சோதித்தபின், லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு அச்சு சுழல்கிறதா என்று கவனியுங்கள். அச்சு சுழன்றால் டிராக் லிங்க்கும் இழுபடும். உதறல் இருந்தால் டயர்ச் சமநிலை, மூட்டுகள், காஸ்டர் என்ற வரிசையில் தேடுங்கள். ஸ்டீயரிங் டேம்பர் (அதிர்வுத் தணிப்பான்) ஒன்றை மாட்டி உதறலை அடக்குவது, இவை மூன்றும் சரி என்று உறுதியான பிறகே பொருத்தமானது.

பாக்ஸின் போல்ட்கள், பிட்மேன் நட், டை ராட் நட்கள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு வண்ணக்கோடு இழுத்து வையுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர்கள் ஓடியபின் கீழே படுத்து அந்தக் கோடுகள் முறிந்திருக்கின்றனவா என்று பார்த்து, டோ-இன்னை மறுபடி அளந்து, கிங்பின்களுக்கு மீண்டும் கிரீஸ் செலுத்துங்கள். புதிய புஷ்களும் மூட்டுகளும் இந்த இடைவெளியில் அமர்ந்து பழகியிருக்கும் என்பதால் டோ-இன் சிறிது மாறியிருப்பது இயல்பு. வீல் இலேசாகக் கோணியிருந்தால் டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்துங்கள், பாக்ஸின் திருகை மட்டும் தொடாதீர்கள்.